பாண்டில் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டுமாம்

கேள்வி: வணக்கம் மேடம். தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமம் என் ஊர். திருநெல்வேலியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஒரு வருடம் ஆகிறது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். கேம்பஸ் இன்டர்வியூவில் எதிலும் தேர்வாகவில்லை. இப்போது சென்னை கிண்டியில் ஒரு ஐ.டி. கன்சல்டன்சியில் எடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் ஜாவா பயிற்சி. அந்த மூன்று மாதமும் பத்தாயிரம் ரூபாய் ஸ்டைபெண்ட் தருவார்கள். பிறகு ஏதாவது ஒரு பெரிய கம்பெனி புராஜெக்டில் போடுவார்களாம். போட்ட நாளிலிருந்து மாதம் 22,000. எங்களிடம் பணம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு வருட பாண்டு. நடுவில் விட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளையும், தொகை எழுதாத இரண்டு காசோலைகளையும் கொடுக்க வேண்டும். பாண்டில் அப்பாவும் ஜாமீனாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பயமாக இருக்கிறது. "பேசாம பி.எட். படி" என்கிறார். அங்கே போன பேட்சில் இருந்த ஓர் அக்கா, "இன்டர்வியூல ரெண்டு வருஷம் அனுபவம் இருக்குன்னு சொல்லச் சொல்வாங்க" என்றார். நான் சேரலாமா? அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அடுத்த வாரமே போக வேண்டும் என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் இப்போது உங்கள் கையில் இருக்கும் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். காசோலை, ஒரிஜினல் சர்டிஃபிகேட், அப்பாவின் ஜாமீன் இந்த மூன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாண்டு இருக்கலாம், அதில் சில வரிகள் மாற வேண்டும். மாற்றித் தந்தால் தைரியமாகச் சேருங்கள். இதை அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அவர் பயப்படுவதில் பாதிக்கு நியாயம் இருக்கிறது.

இந்த மாதிரி கன்சல்டன்சியிலும், இவர்களிடமிருந்து ஆள் எடுக்கும் கம்பெனியிலும் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். இவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மீதிப் பாதி பயம் போய்விடும்.

ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதித் தரும் பெரிய ஐ.டி. கம்பெனி ஒன்றுக்குப் பத்து ஜாவா ஆட்கள் தேவைப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாக எடுத்தால் புராஜெக்ட் முடிந்த பிறகும் சம்பளம் கொடுக்க வேண்டும். அனுபவமில்லாத ஃப்ரெஷரை எடுத்தால் சொல்லிக்கொடுக்க நாள் பிடிக்கும். அதனால் கன்சல்டன்சியிடம் கேட்கிறார்கள். கன்சல்டன்சி உங்களைப் போன்றவர்களை எடுத்து, பழக்கி, தன் சம்பளப் பட்டியலிலேயே வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்கு அனுப்புகிறது. கிளையண்ட், அதாவது அந்தப் பெரிய கம்பெனி, உங்களுக்காக மாதாமாதம் ஒரு தொகையைக் கன்சல்டன்சிக்குக் கொடுக்கும். அதுதான் பில்லிங். உதாரணத்துக்கு அது 60,000 ரூபாய் என்று வையுங்கள். உங்கள் சம்பளம், பி.எஃப்., பயிற்சிச் செலவு, அலுவலக வாடகை, புராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் சம்பளம் எல்லாம் போக மீதி அவர்களுக்கு.

"அப்போ என் உழைப்பில் பாதிக்கு மேல் அவங்களுக்கா?" என்று கோபம் வரலாம். ஆமாம், அப்படித்தான். ஆனால் கேம்பஸில் தேர்வாகாமல் ஒரு வருடம் வீட்டில் இருந்த ஒருவரைப் பெரிய கம்பெனியின் வாசலுக்குள் கொண்டுபோய் விடுவதற்கு அவர்கள் வாங்கும் விலை அது. ஓரிரு வருடத்துக்கு அது நியாயமான பேரமாகவே இருக்க முடியும். இந்த வழியில் வந்து இன்று டீம் லீடாகவும் மேனேஜராகவும் இருப்பவர்கள் என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே நிறைய உண்டு.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். முதலில் யார் கையிலிருந்து பணம் போகிறது? கன்சல்டன்சி தன் பணத்தைப் போட்டு உங்களுக்கு ஸ்டைபெண்ட் தருகிறது என்றால், கிளையண்டிடம் உங்களைச் சேர்த்தால்தான் அதற்குப் போட்ட காசு திரும்பும். உங்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுப்பதும் சீக்கிரம் புராஜெக்ட் பிடிப்பதும் அதன் சொந்த லாபம். உங்களிடம் பணம் வாங்கிப் பயிற்சி கொடுக்கும் இடம் அப்படி அல்ல. நீங்கள் கட்டிய அன்றைக்கே அவர்கள் வியாபாரம் முடிந்துவிட்டது. வேலை வாங்கித் தருவது அதற்குப் பிறகு வெறும் வாய்வார்த்தை. "ரீஃபண்டபிள் டெபாசிட்" என்று சொன்னாலும் இதே கதைதான். வேளச்சேரியிலும் ஓ.எம்.ஆரிலும் இப்படிப் பணம் கட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பூட்டிய கதவைப் பார்த்து நிற்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கன்சல்டன்சி பணம் கேட்கவில்லை, மாதம் பத்தாயிரம் தருகிறது. அதனால்தான் நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை.

சரி, பாண்டுக்கு வருவோம்.

"பாண்டெல்லாம் சட்டப்படி செல்லாது, சும்மா கையெழுத்துப் போடு" என்று நண்பர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். "பாண்டை மீறினா ஜெயில்" என்று ஹெச்.ஆர். சொல்லலாம். அதையும் நம்பாதீர்கள்.

எந்த நீதிமன்றமும் உங்களைப் பிடித்து உட்காரவைத்து வேலை பார்க்கச் சொல்லாது. பாண்டை மீறுவது குற்றமும் அல்ல, அது பண விவகாரம் மட்டுமே. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74 என்ன சொல்கிறது என்றால், ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், மீறியவர் கொடுக்க வேண்டியது நியாயமான இழப்பீடு மட்டுமே, எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. அதாவது இரண்டு லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே இரண்டு லட்சம் கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 1990களில் இப்படி ஒரு வழக்கில், நிறுவனம் தன் செலவில் பயிற்சியோ வேறு சலுகையோ கொடுத்ததா என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தது.

ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விஜயா வங்கி, மூன்று வருடம் வேலை பார்க்காமல் போனால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்று அதிகாரி பணிக்கு நிபந்தனை வைத்திருந்தது. ஒருவர் நடுவில் விலகிப் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் அவர் ஜெயித்தார். உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நிபந்தனை செல்லும் என்று சொல்லிவிட்டது. பொதுத்துறை வங்கி, விளம்பரம் கொடுத்துத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் செலவு, அவர் வகித்த மூத்த பதவி, வாங்கிய சம்பளம் எல்லாவற்றையும் வைத்து அந்தத் தொகை அதிகமில்லை என்றார்கள். 22,000 ரூபாய் சம்பளத்துக்கு அதே இரண்டு லட்சம் பொருந்தாது என்று நீங்கள் வாதாடலாம், நல்ல வாதம்தான். ஆனாலும் பாண்டு என்றாலே காகிதக் குப்பை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டால் மதிக்கப்போகிறோம் என்ற எண்ணத்தோடு போட வேண்டும். அதனால்தான் போடும் முன்னால் வரி வரியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

உங்கள் மேல் அவர்கள் உண்மையில் எவ்வளவு செலவழிப்பார்கள்? ஸ்டைபெண்ட் மூன்று மாதத்துக்கு 30,000. ஒரு பேட்சில் இருபது முப்பது பேர் இருப்பார்கள், பயிற்றுநர் சம்பளத்தை அத்தனை பேருக்கும் பகிர வேண்டும். லேப்டாப் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். எப்படிக் கூட்டினாலும் ஒரு லட்சத்தைத் தொடுவதே சிரமம். ஆகவே தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். குறைக்க மறுத்தாலும், மாதம் ஆக ஆகத் தொகை தேய்ந்துகொண்டே வர வேண்டும் என்று கேளுங்கள். இது தொகையைவிட முக்கியம். இருபத்து நான்கு மாத பாண்டில் பதினெட்டு மாதம் வேலை பார்த்தவர் கால்வாசி கட்டினால் போதும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இருபத்து மூன்றாவது மாதத்தில் வீட்டில் ஒரு கஷ்டம் வந்து விலகியவரிடம் முழுத் தொகையைக் கேட்ட பாண்டுகள் உண்டு.

இன்னொரு வரி, எல்லாரும் தவறவிடுவது. இரண்டு வருடம் எந்த நாளிலிருந்து? "கிளையண்டிடம் பணியில் அமர்ந்த நாள் முதல்" என்று எழுதியிருந்தால், மூன்று மாதப் பயிற்சியும் அதன் பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாதங்களும் கணக்கில் வராது. இரண்டு வருடம் என்று நினைத்துப் போட்டது மூன்று வருடமாகிவிடும். சேர்ந்த நாள் முதல் என்று மாற்றச் சொல்லுங்கள். பிடிவாதமாக மறுத்தால், குறைந்தது பயிற்சி முடிந்த நாள் முதல் என்றாவது இருக்கட்டும்.

அப்புறம், அவர்களே உங்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டால்? பயிற்சி முடிந்தும் புராஜெக்ட் கிடைக்காவிட்டால்? இரண்டுக்கும் பாண்டில் பதில் இருக்க வேண்டும். "நிறுவனம் வேலையிலிருந்து நீக்கினாலோ, பயிற்சி முடிந்து 60 நாட்களுக்குள் புராஜெக்ட் தராவிட்டாலோ பாண்டு முடிந்துவிடும்" என்ற ஒரு வரி போதும். இந்த வரியைப் போட மறுக்கும் கன்சல்டன்சிக்குக் கையில் புராஜெக்ட் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

விலகிய பிறகு ஒரு வருடம் வேறு ஐ.டி. கம்பெனியில் சேரக் கூடாது என்று இருந்தால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வேலையை விட்ட பிறகு பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27-ன்படி செல்லாது. ஆனால் நீங்கள் வேலை பார்த்த அதே கிளையண்ட் உங்களை நேரடியாக எடுப்பது வேறு விஷயம். கிளையண்டுக்கும் கன்சல்டன்சிக்கும் நடுவே தனி ஒப்பந்தம் இருக்கும், அவர்கள் அதை மீற மாட்டார்கள். "கிளையண்ட் எங்களை நிரந்தரமாக எடுக்க விரும்பினால் விடுவீர்களா, எத்தனை மாதத்துக்குப் பிறகு?" என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் வருபவர்களுக்கு உண்மையான பலன் அங்கேதான் இருக்கிறது.

இனி காசோலை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பாண்டு பண விவகாரம் என்று சொன்னேன் இல்லையா? காசோலையைக் கொடுத்த கணமே அது மாறிவிடுகிறது. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை வாங்கியவர் தொகையை நிரப்பிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. அதை வங்கியில் போட்டு, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-ன் கீழ் வழக்கு. அது குற்றவியல் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் என்று இருக்கிறது. "அப்படி ஒரு கடனே இல்லை" என்று நீங்கள் நிரூபித்து வெளியே வரலாம், ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும், தென்காசியிலிருந்து சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். இருபத்தொரு வயதுப் பெண்ணைப் பணிய வைக்க அந்தப் பயமே போதும் என்றுதான் காசோலை கேட்கிறார்கள். "பாண்டு போடுகிறேன், காசோலை தர மாட்டேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், திருப்பிக் கேட்டு மெயில் போடுங்கள்.

சான்றிதழும் அப்படியே. சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டலாம், உங்கள் கண் முன்னாலேயே பார்த்துத் திருப்பித் தர வேண்டும். சுய சான்றொப்பமிட்ட நகல்களை வைத்துக்கொள்ளட்டும். உங்கள் படிப்புச் சான்றிதழை அடமானம் மாதிரி வைத்துக்கொள்ளும் உரிமை எந்த கம்பெனிக்கும் கிடையாது. "எல்லா இடத்துலயும் இப்படித்தான்" என்பார்கள். இல்லை.

அப்பாவின் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது. ஜாமீன் கையெழுத்து என்றால் வெறும் சாட்சிக் கையெழுத்து இல்லை. நீங்கள் எவ்வளவு கொடுக்க வேண்டுமோ அவ்வளவுக்கும் அவரும் பொறுப்பு. உங்களிடம் கேட்காமல் நேராக அவரிடமே கேட்கலாம். நோட்டீஸ் வீட்டுக்கு வரும், கடைக்கு வரும், நாலு பேர் பார்ப்பார்கள். கன்சல்டன்சிக்கு அது தெரியும். அப்பா கடையில் காஜா எடுக்கப் பழகும் பையன் முதல் மாதம் இரண்டு சட்டையை வீணாக்கியிருப்பான், அதற்காக அப்பா அவன் வீட்டுக்குப் போய் எழுதி வாங்கியிருக்க மாட்டார் இல்லையா? தொழில் கற்றுக்கொடுப்பவர் கொஞ்சம் நஷ்டத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் மேஜர், பட்டதாரி. உங்கள் கையெழுத்து மட்டும் போதும்.

சம்பளத்தில் "போட்ட நாளிலிருந்து 22,000" என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி முடிந்த நாளுக்கும் புராஜெக்டில் போட்ட நாளுக்கும் நடுவே என்ன? பெஞ்சில் இருக்கும்போது சம்பளம் உண்டா, ஸ்டைபெண்ட் தொடருமா, ஒன்றுமே இல்லையா? வேளச்சேரியில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் மாதாமாதம் கட்டித்தான் ஆக வேண்டும். பெஞ்ச் சம்பளம் எவ்வளவு என்று ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். பெஞ்சில் சம்பளம் கிடையாது, ஆனால் பாண்டு மட்டும் ஓடும் என்றால் சேராதீர்கள். அது எவ்வளவு நல்ல பயிற்சியாக இருந்தாலும் சரி.

நியமனக் கடிதம் இல்லாமல் ஒரு நாள்கூட உட்காராதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் எல்லாருக்கும் கட்டாயம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். விலகினால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும். புராஜெக்டில் சேர்ந்ததும் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று, கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான யூ.ஏ.என்.னைக் கேட்டு வாங்கி, பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று நீங்களே பாருங்கள். பி.எஃப். வெறும் சேமிப்பு மட்டுமில்லை, நீங்கள் எங்கே, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வேலை பார்த்தீர்கள் என்பதற்கு நாளைக்கு அதுதான் சாட்சி.

அந்த அக்கா சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. இல்லாத இரண்டு வருட அனுபவத்தைச் சொல்லச் சொன்னால் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். இதை நான் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஃப்ரெஷருக்குக் கிளையண்ட் கொடுக்கும் பில்லிங் குறைவு, இரண்டு வருடக்காரருக்கு அதிகம், அதனால்தான் சில கன்சல்டன்சிகள் பொய் ரெஸ்யூமே தயார் செய்து, மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் பெயரில் அனுபவச் சான்றும் கொடுக்கின்றன. லாபம் அவர்களுக்கு, மாட்டினால் நீங்கள். மாட்டுவது இப்போது மிகவும் சுலபம். பின்னணிச் சரிபார்ப்புக்காரர்கள் உங்கள் யூ.ஏ.என்.னைப் பார்ப்பார்கள், யார் உங்களுக்குப் பணம் கொடுத்து வரி பிடித்தார்கள் என்று காட்டும் வருமான வரியின் 26ஏ.எஸ். படிவத்தைக் கேட்பார்கள். 2024-ல் கல்லூரியில் இருந்தவர் 2023-ல் சம்பளம் வாங்கியிருக்க முடியாது. ஐ.டி. நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் 2006-லேயே ஐ.டி. ஊழியர்களின் விவரங்களைச் சரிபார்த்துப் பதிவுசெய்ய நேஷனல் ஸ்கில்ஸ் ரெஜிஸ்ட்ரி என்ற ஒன்றைத் தொடங்கியதே இந்தப் பொய்களைப் பிடிக்கத்தான். பொய் அனுபவம் என்று கண்டுபிடித்தால் பெரிய கம்பெனிகள் ஒரே நாளில் வெளியே அனுப்புகின்றன, பிறகு அந்தப் பக்கமே போக முடியாது. சேர்ந்து ஐந்து வருடம் நன்றாக வேலை பார்த்த பிறகு, வேறு கம்பெனி மாறும்போது இந்தப் பழைய பொய்யில் மாட்டி அழுதவர்களோடு நான் எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்கள் திறமையில் எந்தக் குறையும் இல்லை. அந்தப் பொய் இல்லாமலேயே அவர்கள் அந்த இடத்துக்கு வந்திருப்பார்கள், ஒரு வருடம் தாமதமாக, அவ்வளவுதான்.

எனவே சேரும் முன் அந்த அக்காவிடம் மறுபடி பேசுங்கள். எல்லாரையும் அப்படிச் சொல்லச் சொல்கிறார்களா, யாரோ ஒரு மேனேஜர் ஒரு தடவை சொன்னதா என்று கேளுங்கள். அவரோடு இருந்த பேட்சில் எத்தனை பேருக்குப் புராஜெக்ட் கிடைத்தது, எத்தனை மாதம் கழித்து, எந்த வேலை என்றும் கேளுங்கள். ஜாவா என்று சொல்லிப் பழக்கிவிட்டு, இரவு ஷிஃப்டில் டிக்கெட், அதாவது பயனாளர்களின் புகார்களைப் பார்க்கும் சப்போர்ட் வேலையில் உட்காரவைப்பது இந்தத் துறையில் சாதாரணம். சப்போர்ட் கேவலமான வேலை இல்லை, முதல் வருடத்தில் ஒரு பெரிய சிஸ்டம் எப்படி ஓடுகிறது என்று அங்கே நன்றாகவே கற்றுக்கொள்ளலாம். ஆனால் தெரிந்து போக வேண்டும். ஹெச்.ஆர். காட்டும் புகைப்படங்களையும் "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" பேனரையும்விட, போன பேட்சில் மூன்று பேரின் பேச்சு உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கம்பெனியையும் பார்த்துவிடுங்கள். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் எப்போது பதிவானது, கடைசியாக எந்த வருடக் கணக்குத் தாக்கல் செய்தார்கள் என்று தெரியும். இரண்டு மூன்று வருடமாகத் தாக்கலே செய்யவில்லை என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தமிழ் வழியில் படித்ததை நீங்கள் கடிதத்தில் ஒரு குறை மாதிரி எழுதியிருப்பதாக எனக்குப் பட்டது. கிளையண்ட் இன்டர்வியூ என்பது பெரும்பாலும் அரை மணி நேர வீடியோ கால். எதிரே இருப்பவர் உங்கள் உச்சரிப்புக்கு மார்க் போடுவதில்லை. "இந்த லிஸ்ட்டில் இரண்டு தடவை வரும் எண்களை எடுத்துக் காட்டு" என்பார். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு மதிப்பைப் போட்டு வைக்க ஜாவாவில் இருக்கும் ஹேஷ்மேப்பை எடுத்து எழுதிக்கொண்டே, ஒவ்வொரு வரியிலும் என்ன செய்கிறீர்கள் என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னால் போதும். "ஐ வில் கீப் ஈச் நம்பர் அண்ட் இட்ஸ் கவுன்ட் ஹியர்." இந்த அளவு ஆங்கிலம்தான் தேவை. பயிற்சி நாட்களில் தினமும் ராத்திரி நீங்கள் அன்று எழுதிய புரோகிராமை ஹாஸ்டல் அறைத் தோழிக்கு ஆங்கிலத்தில் விளக்குங்கள். தவறு வந்தால் வரட்டும். மூன்று மாதத்தில் வாய் பழகிவிடும். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லில், அட்டவணைகளை இணைக்கும் ஜாயினையும் வகை பிரித்துக் கூட்டும் குரூப் பையையும் விட்டுவிடாதீர்கள், ஃப்ரெஷர் இன்டர்வியூவில் ஜாவாவைவிட அதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள்.

பி.எட். பற்றி அப்பா சொன்னதற்கு என்னிடம் எதிர்ப்பு இல்லை. உங்களுக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தால் அது மரியாதையான வழி. ஆனால் பயத்தினால் போக வேண்டாம். பி.எட். அடுத்த வருடமும் இருக்கும்.

இந்தக் கன்சல்டன்சி ஒத்துவராவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம், நாட்ஸ் என்பார்கள், அதில் பதிவு செய்யுங்கள். தென் மண்டலத்துக்கு அதை நடத்தும் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் பட்டதாரிகளைப் பழகுநராக எடுக்கும் கம்பெனிகள் உதவித்தொகை தந்தே ஆக வேண்டும், 2019-ல் திருத்திய விதியிலேயே பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று இருந்தது. அதில் ஒரு பங்கை அரசு கம்பெனிக்குத் திருப்பித் தருகிறது. ஒரு வருடம் முடித்தால் அரசுச் சான்றிதழ் கிடைக்கும், அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் மாவட்டத்திலேயே மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனியின் அலுவலகம் இருக்கிறதே, அதன் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் வாரம் ஒரு தடவை பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: போன் பண்ணிப் பேச வேண்டாம், மெயில் போடுங்கள். போனில் "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று சொல்லிவிடுவார்கள், பிறகு அதற்குச் சாட்சி இருக்காது. மெயில் நீளமாக வேண்டாம். வாய்ப்புக்கு நன்றி சொல்லுங்கள். சேர விருப்பம் என்று சொல்லுங்கள். பாண்டில் என் கையெழுத்து மட்டும் இருக்கும், ஒரிஜினலைக் காட்டுவேன், நகல் தருவேன், காசோலை தர இயலாது என்று எழுதுங்கள். பாண்டுக் காலம் சேர்ந்த நாளிலிருந்து தொடங்கவும், தொகை மாதாமாதம் குறையவும், நிறுவனம் நீக்கினாலோ 60 நாளில் புராஜெக்ட் தராவிட்டாலோ பாண்டு முடியவும் கேளுங்கள். பெஞ்ச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். பாண்டின் நகலை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள், சேரும் அன்றைக்கு முத்திரைத்தாளை நீட்டி "உடனே போடு" என்றால் படிக்க நேரம் இருக்காது.

இவ்வளவு கேட்டால் வேலையையே கொடுக்காமல் போய்விடுவார்களோ என்று தோன்றும். ஓரளவு நல்ல கன்சல்டன்சி என்றால் எல்லாவற்றுக்கும் சம்மதிக்காவிட்டாலும் பேச வருவார்கள், காசோலையையும் ஜாமீனையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தொகையில் பேரம் பேசுவார்கள், அதில் நீங்களும் கொஞ்சம் இறங்கலாம். ஒரு வரிகூட மாற்ற மாட்டோம், நாளைக்கே வராவிட்டால் இடம் போய்விடும் என்று மிரட்டினால், அந்த இடம் போகட்டும். மெயிலுக்கு என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். பாண்டின் நகல் வந்தால் உங்கள் பெயரையும் கம்பெனி பெயரையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள், கையெழுத்துப் போடும் முன் படித்துச் சொல்கிறேன்.